பிரியாத அதிரசம்: அரிசி ஊறுவதிலிருந்து எண்ணெய் வடிவது வரை

அதிரசத்துக்கு வேண்டிய சாமான் ஏழுதான். பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், சுக்கு, எள், கொஞ்சம் நெய், பொரிக்க எண்ணெய். ஆனாலும் தீபாவளிப் பலகாரங்களில் பழகிய கையையே பதற வைப்பது இதுதான். முறுக்கு கோணலாக வந்தாலும் முறுக்குதான். அதிரசம் தவறினால் எண்ணெய்ச் சட்டியில் துகள் துகளாகப் பிரிந்து மிதக்கும், இல்லையென்றால் ஆறியதும் பல்லைப் பதம் பார்க்கும்.

இரண்டுக்கும் காரணம் ஈரம். மாவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, பாகில் எவ்வளவு மிச்சமிருக்கிறது, இவற்றைப் பொருத்திக் கொண்டுபோவதுதான் அதிரசக் கலையின் முக்கால் பங்கு. கிலோவுக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று எல்லா வீட்டிலும் ஒரு கணக்கு சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் அதே கணக்கில் ஒரு வருஷம் பூப்போல வருவதும் அடுத்த வருஷம் பிரிவதும் ஏன் என்றால், ஐப்பசி மழையில் மாவு காயாமல் இருந்திருக்கும், அல்லது பாகை அரை நிமிஷம் முன்னாலேயே இறக்கியிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அளவைவிடப் பதத்துக்குத்தான் அதிக இடம்.

முதல்முறை செய்பவர்கள் அரைக் கிலோவில் தொடங்குங்கள். கை வலிக்காது, பாகு சட்டென்று ஆறியும் போகாது. அரைக் கிலோ அரிசிக்கு நடுத்தர அளவில் 25 அதிரசம் வரை வரும். தீபாவளியை ஒட்டிக் கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் 21 அதிரசம் வைத்துப் படைப்பார்கள். அந்தக் கணக்குக்கும் அரைக் கிலோ போதும். மிஞ்சுகிற மூன்று நான்கு, அடுப்படியில் நின்றவருக்கு.

வேண்டியவை

மாவு பச்சரிசி – 500 கிராம்
பாகு வெல்லம் – 375 கிராம்
தண்ணீர் – 100 மில்லி (அரை டம்ளர்)
ஏலக்காய் – 6 (பொடித்தது)
சுக்குப் பொடி – அரைத் தேக்கரண்டி
வறுத்த வெள்ளை எள் – 1 தேக்கரண்டி
நெய் – 1 மேசைக்கரண்டி
கடலை எண்ணெய் – பொரிக்க முக்கால் லிட்டர்

அரிசியும் வெல்லமும்

கடையில் "மாவு பச்சரிசி" என்று கேட்டு வாங்குங்கள். ரேஷன் பச்சரிசியிலும் நன்றாக வரும், கல், குருணை பொறுக்கிக் கழுவினால் போதும். புழுங்கலரிசி கூடாது. அதில் மாவுச்சத்து ஒருமுறை வெந்துவிட்டது, பாகைப் பிடிக்கிற பசை வராது. பாக்கெட்டில் விற்கும் காய்ந்த அரிசி மாவிலும் செய்யலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். காய்ந்த மாவு பாகின் ஈரத்தை எல்லாம் குடித்துவிட்டு மறுநாள் கல்லாக இறுகும்.

வெல்லத்தில் "பாகு வெல்லம்" என்று தனியாகக் கேட்க வேண்டும். எல்லா வெல்லமும் பாகு வராது. சில வெல்லத்தை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் தண்ணீரில் திரளாமல் கலங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பொங்கலுக்கும் பாயசத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் மாவட்டத்துப் பிலிக்கல்பாளையம் போன்ற வெல்லச் சந்தைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை, கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஒரு துண்டு வாங்கி வந்து, இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு ஒரு சின்னக் கிண்ணியில் காய்ச்சிப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். நிறத்தைப் பொறுத்தவரை கரும்பழுப்புதான் நல்லது. பளீரென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தில் வெளுப்பதற்கு ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். அதிரசத்துக்கு வேண்டிய செம்பழுப்பும் அதில் வராது.

மாவு: ஈரத்தை எங்கே நிறுத்துவது

அரிசியை மூன்று நான்கு முறை கழுவி 2 மணி நேரம் ஊறவையுங்கள். நன்றாக வடித்துவிட்டு, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் வேண்டாம். மழைக்காலத்தில் மின்விசிறிக்கு அடியில் விரியுங்கள். ஐப்பசியில் விசிறியே இருந்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரிசியை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள். உள்ளங்கை ஈரமாகத் தெரிய வேண்டும், ஆனால் தண்ணீர் ஒட்டக்கூடாது. நாலைந்து மணி மட்டும் கையில் ஒட்டிக்கொண்டு மற்றவை உதிர்ந்தால் அரைக்கலாம்.

வீட்டில் சமையல் தராசு இருந்தால் இன்னும் எளிது. 500 கிராம் அரிசி ஊறி வடிந்ததும் 650 கிராமைத் தாண்டி நிற்கும். அது உலர்ந்து 620 கிராம் வாக்கில் வரும்போது எடுத்துவிடுங்கள். அதற்குக் கீழே போனால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஆனால் கையால் தண்ணீர் தெளித்துப் பிசிறி, பத்து நிமிஷம் மூடி வையுங்கள்.

மில்லில் கொடுப்பதானால் ஈர அரிசி அரைப்பார்களா என்று முதலில் கேளுங்கள். எல்லா மில்லிலும் அரைக்க மாட்டார்கள், மாவு உள்ளே ஒட்டிக்கொள்ளும் என்று. தீபாவளி வாரத்தில் பல மில்களில் இதற்கென்றே நேரம் ஒதுக்குவார்கள். முன்னால் மிளகாய்த்தூளோ மஞ்சளோ அரைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோவுக்கு மிக்ஸியே போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு அரைத்து, கண் நெருக்கமான சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் நிற்கும் கப்பியைத் திரும்ப அரைத்துச் சலியுங்கள். கடைசியில் அரைபடாமல் நிற்கும் ஒரு கைப்பிடியை விட்டுவிடலாம், கஞ்சிக்கு ஆகும். நைசாகாத கப்பி மாவில் இருந்தால் அதிரசத்தில் வெடிப்பு விழும்.

அரைத்த மாவைக் கையில் பிடித்தால் பிடித்த வடிவில் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். இந்த மாவை உடனே பாத்திரத்தில் அமுக்கி வைத்து ஈரத்துணியால் மூடிவிடுங்கள். பாகு காய்ச்சி முடிப்பதற்குள் மேல்மாவு காய்ந்துவிட்டால் இவ்வளவு நேரம் பார்த்த பதம் வீண்.

பாகு: இங்கே அவசரம் கூடாது

அடிகனமான பாத்திரம் எடுங்கள். பித்தளை உருளி இருந்தால் உத்தமம். வெல்லத்தை உடைத்துப் போட்டு 100 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்து, கொதி வருமுன் வடிகட்டுங்கள். மண்ணும் கரும்புச் சக்கையும் கட்டாயம் இருக்கும். பாத்திரத்தைக் கழுவி வடிகட்டியதைத் திரும்ப ஏற்றி, மிதமான தீயில் கொதிக்க விடுங்கள்.

முதலில் பெரிய குமிழியாக, கலகலவென்று கொதிக்கும். தண்ணீர் வற்ற வற்றக் குமிழிகள் சிறுத்து, நுரை பாத்திரம் முழுக்க எழும்பி, பாகு கனத்துக் கொதிக்கும் சத்தமே மாறும். அப்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு சோதிக்க ஆரம்பியுங்கள். அரை ஸ்பூன் பாகைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்து தண்ணீரின் நிறம் மாறினால் இன்னும் நேரம் இருக்கிறது. அடியில் போய்ப் படிந்து, விரலால் கூட்டினால் வழுக்கி ஓடினால் நெருங்கிவிட்டது. கூட்டியதும் திரண்டு, விரல் நுனியில் உருட்ட மெத்தென்று உருண்டையாகி, கையில் வைத்தால் லேசாகத் தளர்ந்து அமுங்கினால் அதுதான் பதம். உருட்டுப் பதம் என்று சிலர், தக்காளிப் பதம் என்று சிலர் சொல்வார்கள். சர்க்கரை வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 112 முதல் 115 டிகிரி செல்சியஸ். இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் கம்பி வருகிறதே என்று இறக்கிவிடாதீர்கள். கம்பிப் பதம் குலாப் ஜாமூனுக்கும் ஜாங்கிரிக்கும் சரி, அதிரசத்துக்குப் பற்றாது.

சோதிக்கும்போது தீயை அறவே குறைத்துவிடுங்கள். நெருங்கிய பதத்துக்கும் சரியான பதத்துக்கும் நடுவே ஒரு நிமிஷம்கூட இருக்காது, நீங்கள் கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாண்டிவிடும். ஒவ்வொரு முறையும் கிண்ணத்துத் தண்ணீரை மாற்றுங்கள். முந்தைய பாகு கரைந்து வெதுவெதுப்பான தண்ணீர் பொய் சொல்லும்.

பதம் தாண்டி உருண்டை கெட்டியாகிவிட்டதா? பதறாதீர்கள். பாகில் போனது தண்ணீர் மட்டும்தான். இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் பாகு பின்னுக்கு வந்துவிடும், மறுபடி சோதித்து இறக்கலாம். இந்த வசதி மாவு போடுவதற்கு முன் மட்டும்தான்.

உருட்டுப் பதத்தில் பாகில் ஏறக்குறைய 85 சதவீதம் சர்க்கரை, மீதிதான் தண்ணீர். கொதிக்கிற பாகு ஈர மாவில் பட்டதும் மாவின் ஒரு பகுதி வெந்து பசையாகி மற்றதைக் கட்டிப் பிடிக்கிறது. பாகில் தண்ணீர் அதிகமாக இருந்தால் சூடு குறைவு, பசையும் குறைவு. எண்ணெயில் போட்டதும் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே பாயும்போது கட்டு விட்டு உதிர்ந்துபோகிறது. நோன்புக்குச் சுட்ட அதிரசம் பிரிந்தால் சகுனம் சரியில்லை, கண்பட்டுவிட்டது என்று கலங்குகிற பெரியவர்கள் உண்டு. அவர்களிடம் வாதம் பண்ண வேண்டாம். அடுத்த முறை கிண்ணத்தில் தண்ணீரை மாற்றிப் பாருங்கள், அது போதும்.

கிளறுதல்: பாகு கேட்கிற மாவு

அடுப்பை அணைத்து இறக்கி, ஏலக்காய், சுக்கு, எள் போட்டுக் கலக்குங்கள். ஒருவர் மாவைத் தூவ, ஒருவர் மரத்துடுப்பால் கிளறுவது நல்லது. தனியாகச் செய்பவர்கள் பாத்திரத்தைப் பழந்துணி வளையத்தில் வைத்துக்கொண்டால் ஆடாது.

மாவை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். ஒவ்வொரு கைப்பிடியாகத் தூவிக் கட்டி இல்லாமல் கிளறுங்கள். முதல் பாதி மாவு வரைக்கும் கூழாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அதன் பிறகு ஒவ்வொரு பிடிக்கும் நின்று பாருங்கள். துடுப்பைத் தூக்கினால் மாவு கனமாக, மடிப்பு மடிப்பாக விழுந்து, விழுந்த மடிப்பு மெல்ல அமுங்க வேண்டும். அங்கே நிறுத்துங்கள். கையில் இன்னும் ஒரு பிடி மாவு மிச்சம் இருந்தாலும் சரி. மாவு மீந்துவிட்டதே என்று போட்டுவிடுவதுதான் கல் அதிரசத்துக்கு முக்கியக் காரணம். பாகு எவ்வளவு மாவு கேட்கிறதோ அவ்வளவுதான். மாவு இப்போது தளர்ந்துதான் இருக்க வேண்டும். மறுநாள் அதுவாகவே இறுகும். சப்பாத்தி மாவுப் பதத்துக்கு இன்றைக்கே கொண்டுவந்தால் நாளைக்கு உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மேலே நெய்யைத் தடவி, சூடு ஆறியதும் மூடி வையுங்கள். மூடியில் ஆவி தண்ணீராகச் சேர்ந்து மாவில் சொட்டக்கூடாது என்பதால் முதலில் துணி கட்டி வைப்பது நல்லது. வெளியிலேயே இருக்கலாம். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு மூன்று நாள். இந்த ஊறலில்தான் உலர்ந்த துகள்களுக்குள் பாகு இறங்குகிறது, மாவு ஒன்றுசேர்கிறது, சுவையும் கூடுகிறது. கிளறிய அன்றே சுடலாமா என்றால் சுடலாம், மெத்தென்று வராது. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கிளறி வைப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் மாவு சீக்கிரம் கெடாது. ஈரக்கை மட்டும் படக்கூடாது.

தட்டிச் சுடுவது

சுடுகிற அன்று மாவை எடுத்து, நெய் தொட்ட கையால் நன்றாகப் பிசையுங்கள். இறுகியிருந்தால் ஒரு ஸ்பூன் காய்ச்சிய பால் தெளித்துப் பிசையலாம். எலுமிச்சை அளவு, அதாவது 40 கிராம் வாக்கில் உருண்டை பிடியுங்கள். வாழை இலையிலோ, கழுவித் துடைத்த பால் கவரிலோ எண்ணெய் தடவி, கால் அங்குலக் கனத்துக்கு வட்டமாகத் தட்டுங்கள். ஓரம் வெடித்தால் விரலால் நீவி மூடுங்கள். மெல்லியதாகத் தட்டினால் அப்பளமாக மொறுமொறுக்கும், அது அதிரசம் ஆகாது.

கடாயில் இரண்டங்குல ஆழத்துக்கு எண்ணெய். சூடு 150 முதல் 160 டிகிரி. வெப்பமானி இல்லையா? மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் போய் ஒன்றிரண்டு நொடி இருந்து, சின்னக் குமிழிகளோடு நிதானமாக மேலே வர வேண்டும். போட்டவுடன் மேலே வந்து கறுத்தால் சூடு அதிகம். வடைக்குக் காய்கிற சூட்டில் இதைப் போட்டால் வெல்லம் உடனே கருகி, உள்ளே பச்சையாக நிற்கும்.

முதலில் ஒரு சின்ன அதிரசத்தைப் போட்டுப் பார்ப்பது எல்லா வீட்டு வழக்கமும்தான், காரணமும் இருக்கிறது. அது சட்டியில் ஓரம் அரித்துத் துகள் பிரிந்தால் பாகு இளசு. அடுப்பை நிறுத்திவிட்டு, மீதி வைத்த மாவையோ, இரண்டு ஸ்பூன் அரிசி மாவையோ சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் வைத்துத் திரும்பச் சோதியுங்கள். அரிசி மாவு தீர்ந்துவிட்டால் கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்தும் பிடிக்க வைக்கலாம், சுவை ஒரு படி இறங்கும். மாறாகச் சோதனை அதிரசம் உப்பாமல், மேலே வெடித்து, கடிக்கக் கடினமாக இருந்தால் பாகு முற்றல். மாவுப் பாத்திரத்தை வெந்நீர் மேல் வைத்து இளக்கி, பாலும் நெய்யும் சேர்த்துப் பிசையுங்கள். ஓரளவு திருந்தும். முழுசாகத் திருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

சோதனை சரியாக வந்ததும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். தட்டியதை இலையோடு கவிழ்த்து உள்ளங்கையில் வாங்கி, சட்டி ஓரமாக நழுவ விடுங்கள். அடியில் போகும், சில நொடியில் மேலே வரும், வந்ததும் பூரித்து எழும்பும். அதுவரை கரண்டியால் தொடாதீர்கள். மேலே வந்ததும் சூடான எண்ணெயை ஒரு கரண்டி மேலே ஊற்றிவிட்டுத் திருப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம், ஒன்றோடொன்று ஒட்டும்.

எடுக்கிற நேரம்தான் பலருக்கும் தவறுகிறது. வேண்டிய நிறம் வந்த பிறகு எடுத்தால், வெளியே வந்தும் வெந்து கறுத்துவிடும். நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு சாயல் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். எடுத்தவுடன் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே வைத்து அழுத்த வேண்டும். அதிரசம் எண்ணெய் குடிக்கிற பண்டம். அழுத்துகிறபோது கரண்டிக் கண் வழியாக எண்ணெய் கோடாக இறங்குவதைப் பார்க்கலாம். எண்ணெய் சொட்டுவது நின்ற பிறகு விடுங்கள், ஆனால் சப்பையாகும் அளவுக்கு நசுக்காதீர்கள். சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டால் வடிகிற எண்ணெய் வீணாகாது. சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டாம். தனித்தனியாகப் பரப்பி, முழுக்க ஆறிய பிறகே தூக்கில் போடுங்கள்.

சட்டியின் அடியில் எள்ளும் துகளும் சேரும். நாலைந்து அதிரசத்துக்கு ஒருமுறை ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுங்கள். இல்லாவிட்டால் அவை கருகி, அடுத்துப் போடுபவற்றின் முதுகில் கறுப்புப் புள்ளியாக ஒட்டும்.

பக்கத்து ஊர்ச் சொந்தங்கள்

இந்தப் பண்டம் நமக்கு மட்டும் உரியது அல்ல. ஆந்திரத்தில் சங்கராந்திக்கு அரிசெலு, கன்னடத்தில் கஜ்ஜாய, ஒடிசாவில் ஆரிசா பிட்டா. செய்முறை ஏறக்குறைய நம்முடையதேதான், அரிசெலுவில் எள்ளை மேலே தாராளமாகப் பதிப்பார்கள். மராட்டியரின் அனர்சே மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது. அங்கே அரிசியை மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுவார்கள். பாகே காய்ச்சுவதில்லை, துருவிய வெல்லத்தையோ சர்க்கரையையோ ஈர மாவில் நேரடியாகப் பிசைந்து சில நாள் வைக்கிறார்கள். கசகசா மேல் தட்டி, கசகசா பக்கம் மேலே இருக்கும்படி, திருப்பாமல் பொரிக்கிறார்கள். அதிக மாசத்தில் (சந்திரக் கணக்கில் கூடுதலாக வரும் மாதம்) மருமகனுக்கு 33 அனர்சே வைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். பாகு பயம் தீராதவர்கள் ஒருமுறை இந்த வழியில் முயன்று பார்க்கலாம், இனிப்புத்தன்மையும் மணமும் வேறாக இருக்கும்.

கோயில் மடைப்பள்ளிகளிலும் அதிரசத்துக்குப் பழைய இடம் உண்டு. விஜயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் பெருமாளுக்குப் படைக்க விட்ட கட்டளைகளில் (அறக்கொடைகளில்) அதிரசப்படி, அதாவது அதிரசப் படையல், என்று தனியாகவே வருகிறது.

வைத்திருப்பது

சுட்ட அன்று ஓரம் முறுகலாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். மறுநாள் முறுகல் அடங்கி ஒரே சீராக மென்மையாகும். எனக்கு இரண்டாம் நாள் அதிரசம்தான் பிடிக்கும், சுக்கு அப்போதுதான் முன்னுக்கு வரும். எவர்சில்வர் தூக்கில் காற்றுப் புகாமல் வைத்தால் பத்து, பதினைந்து நாள் இருக்கும். பிரிட்ஜில் வைக்காதீர்கள், விறைத்துவிடும். விறைத்ததை இட்லித் தட்டில் ஒரு நிமிஷம் ஆவி காட்டினால் இளகும்.

எல்லா மாவையும் ஒரே நாளில் சுட வேண்டிய அவசியமும் இல்லை. பாதியைச் சுட்டுவிட்டு மீதியை அமுக்கி, மேலே நெய் தடவிப் பீங்கான் ஜாடியில் வைத்தால் கார்த்திகை தீபம் வரைக்கும் வரும். எடுக்கும்போதெல்லாம் உலர்ந்த கரண்டி, மேலே மறுபடி ஒரு ஸ்பூன் நெய்.